ஆழமற்ற கிண்ணம்: இடுப்பு மாற்றுச் சிகிச்சையின் மரபுகளும் அளவுகோல்களும்

அனுபவம் மிக்க எலும்பு மருத்துவர்களும் நெடுநேரம் நின்று பார்க்கும் எக்ஸ்ரே ஒன்று உண்டு. அது இடுப்பு டிஸ்பிளேசியா உள்ளவரின் எக்ஸ்ரே. பிறவியிலிருந்தே இடுப்புக் கிண்ணம் போதிய ஆழம் பெறாததால், தொடை எலும்பின் பந்தில் ஒரு பகுதி கூரையின்றி வெளியே நிற்கும். நடுத்தர வயதிலேயே குருத்தெலும்பு தேய்ந்து வலி வந்துவிடும். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

முதுமைத் தேய்மானத்துக்குப் பொருத்தும் மூட்டை அப்படியே இவர்களுக்குப் பொருத்த முடிவதில்லை. கிண்ணத்தின் முன்சுவரும் கூரையும் குறைந்திருக்கும். தொடை எலும்பின் கழுத்து முன்பக்கம் அதிகமாகத் திரும்பியிருக்கும். எலும்பின் உட்குழல் ஒடுங்கியிருக்கும். இந்த மூன்று சிக்கல்களுக்கும் பல நாட்டு அறுவை மருத்துவர்கள் கண்ட விடைகளே இத்துறையின் மரபுகளாகியிருக்கின்றன.

விடை காணுமுன் சிக்கலை அளக்க ஒரு பொதுமொழி வேண்டியிருந்தது. பந்து மேல்நோக்கி எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்து, 1979இல் குரோ, மணி, ரணாவத் மூவரும் நான்கு நிலைகளை வகுத்தார்கள். பாதிக்கும் குறைவான விலகல் முதல் நிலை. முழுப் பந்தளவையும் தாண்டினால் நான்காம் நிலை. பிரதமராக இருந்த வாஜ்பாயிக்கு முழங்கால் மாற்று அறுவை செய்தவர் இந்த மூவரில் ஒருவரான சித்தரஞ்சன் ரணாவத்தான். கிரேக்க மருத்துவர் ஹார்டோஃபிலாகிடிஸ் இன்னும் எளிமையாக, ஆழக்குறைவு, தாழ்ந்த விலகல், உயர்ந்த விலகல் என்று மூன்றாகப் பிரித்தார். இன்றும் இம்ப்ளான்ட் தேர்வு இந்த வகைப்பாடுகளிலிருந்தே தொடங்குகிறது.

மூத்த மரபு இங்கிலாந்தின் சிமெண்ட் மரபு. 1962இல் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 22.225 மி.மீ. விட்டமுள்ள சிறிய பந்தைத் தேர்ந்தெடுத்தார். டிஸ்பிளேசியா இடுப்பில் இந்தச் சிறுமை பெரிய வரம். 40 மி.மீ. பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் அந்தப் பந்தை வைத்தால், சுற்றிலும் ஏறக்குறைய 9 மி.மீ. பிளாஸ்டிக் மிஞ்சும். தேய்வதற்கு அவ்வளவு இருப்பு இருந்தால் மூட்டு நீண்ட நாள் உழைக்கும்.

கூரை இல்லாத கிண்ணத்தை எதில் ஊன்றுவது என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன. அமெரிக்காவின் வில்லியம் ஹாரிஸ், வெட்டியெடுத்த பந்தையே திருகாணியால் இறுக்கிக் கூரையாக்கினார். தொடக்கத்தில் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் இப்படி ஒட்டிய எலும்பையே பெரிதும் நம்பியிருந்த கிண்ணங்கள் பல, ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்தன. இடுப்புத் தேய்மானத்தில் பெரும்பகுதி டிஸ்பிளேசியாவால் வரும் ஜப்பானில் அந்த முறையைச் செம்மைப்படுத்தித் தொடர்ந்தார்கள். ஹார்டோஃபிலாகிடிஸ் கிண்ணத்தின் உட்சுவரைக் கவனமாக உடைத்து உள்நோக்கித் தள்ளி ஆழம் தேடினார். எலும்பு இருக்கும் உயரத்திலேயே கிண்ணத்தை வைத்தவர்களும் உண்டு. ஆனால் அப்படி வைக்கும்போது மூட்டு மேலேயும் வெளியேயும் நகர்ந்தால் அதன் மீது விழும் சுமை கூடிவிடும். இன்று பெரும்பாலோர் விரும்புவது, இயல்பான இடத்திலேயே நுண்துளைப் பரப்புள்ள டைட்டானியம் கிண்ணத்தைச் சிமெண்ட் இல்லாமல் இறுக்கிப் பொருத்துவது.

தொடை எலும்பிலும் இரு வழிகள். ஜெர்மனியின் ஹைன்ஸ் வாக்னரின் கூம்புத் தண்டில் நீளவாக்கில் கூரிய விளிம்புகள் ஓடும். அவை ஒடுங்கிய குழலைப் பற்றிக்கொள்வதால், கழுத்தின் திருப்பத்தை மருத்துவரே தீர்மானிக்கலாம். எஸ்-ராம் வகையில் மேலுறை எலும்புக்கேற்ப அமரும்; தண்டு அதனுள் வேறு திசைக்குத் திரும்பும். ஆனால் கூடுதலாக வரும் அந்த இணைப்பும் உராயக்கூடியதே. நான்காம் நிலையில் காலைச் சுமார் 4 செ.மீ.க்கு மேல் நீட்டினால் சியாட்டிக் நரம்புக்கு ஆபத்து. அங்கே தொடை எலும்பில் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் குறுக்கிய பிறகே பந்தைக் கீழே இறக்குவார்கள்.

அடுத்தது பந்தின் அளவு. பெரிய பந்து எளிதில் நழுவாது என்பது உண்மை. ஆனால் 44 மி.மீ. கிண்ணத்தில் 36 மி.மீ. பந்தை வைத்தால், உலோக ஓடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 4 மி.மீ.தான் இடம். 28 மி.மீ. பந்தானால் அது 8 மி.மீ. ஆகும். பீங்கான் பந்தும் 1990களின் இறுதியில் வந்த குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீனும் தேய்மானத்தைப் பெரிதும் குறைத்தன. ஆனால் இந்த இடக் கணக்கை அவையும் அழித்துவிடவில்லை. உலோகத்தோடு உலோகம் உரசும் பெரிய பந்துகளை இதற்கு விடையாகக் கொண்டாடிய காலமும் இருந்தது. அந்த வகையைச் சேர்ந்த ஏ.எஸ்.ஆர். மூட்டுகள் 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில், பந்தின் மேற்பரப்பை மட்டும் மூடும் வகையில் சிறிய அளவுகளே அதிகம் தோற்றன. டிஸ்பிளேசியா பெண்களுக்குத் தேவைப்படுவதும் அதே சிறிய அளவுகள்தாம்.

ஆகவே புதுமையை அளக்க உரைகல் வேண்டும். 1979இல் சுவீடனும், 1999இல் ஆஸ்திரேலியாவும், 2003இல் இங்கிலாந்தும் வேல்ஸும் மூட்டுப் பதிவேடுகளைத் தொடங்கின. பத்தாண்டுகளில் மறு அறுவை 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது 2014இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு வகுத்த அளவுகோல். ஆயினும் பதிவேட்டில் பெரும்பான்மை சாதாரணத் தேய்மான நோயாளிகள். அந்த எண்ணை நாற்பது வயது டிஸ்பிளேசியா நோயாளிக்கு அப்படியே வாக்களிக்கலாகாது. இவர் தம் வாழ்நாளில் இரண்டாவது அறுவையையும் சந்திக்க நேரலாம். மரபு எதுவாயினும், நீண்ட காலப் பதிவுள்ள மூட்டு, இயல்பான இடம், அடுத்த அறுவைக்காக மிச்சம் வைத்த எலும்பு ஆகிய மூன்றும் பொதுவிதியாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

நோயாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அறுவை அரங்கில் ஒவ்வோர் உறுப்பின் பெட்டியிலிருந்தும் பெயர், அளவு, தொகுதி எண் கொண்ட ஸ்டிக்கரைக் கிழித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் சம்மரியோடு பத்திரப்படுத்துங்கள். பொருத்திய மூட்டு திரும்பப் பெறப்பட்டாலும், இருபது ஆண்டு கழித்து இன்னொரு மருத்துவர் அதைத் திறக்க நேர்ந்தாலும், முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான்.