காசு மெய், முகவரி பொய்

நாணயக் கண்காட்சிகளில் இப்போது சான்றிதழோடு வரும் காசுக்குத்தான் மவுசு. ஒளி ஊடுருவும் உறைக்குள் சதுரச் செப்புக்காசு ஒன்று இருக்கும். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வாலைத் தூக்கி நிற்கும் புலி. கூடவே, ‘சங்ககாலச் சோழர், பூம்புகார், அசல்’ என்று ஒரு சீட்டு. வாங்குபவர் நம்பிக்கையோடு பணம் கொடுக்கிறார். இந்தப் பழக்கத்தை ஆதரிப்போர் சொல்லும் வாதம் இதுதான்: தேர்ந்த கண் பார்த்துச் சொல்லிவிட்டால் காசே தனக்குச் சாட்சி, அது எங்கே கிடைத்தது என்பது உபரித் தகவல். இந்த வாதம் தவறு. போலிக் காசுகளைவிட இந்த எண்ணமே நம் வரலாற்றுக்கு அதிகக் கேடு செய்கிறது.

தேர்ந்த கண்ணின் திறமையை நான் மறுக்கவில்லை. பழைய காசு அச்சுக்கு இடையில் வைத்து அடிக்கப்பட்டது. போலி பெரும்பாலும் வார்க்கப்படுவது. வார்ப்பின் இரு பாதிகள் சேர்ந்த கோடு விளிம்பில் தெரியும், பரப்பில் குமிழித் துளைகள் இருக்கும், உருவத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். இரண்டு காசுகளில் ஒரே கீறலும் ஒரே தேய்மானமும் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்றாவது வார்ப்பு என்று உடனே சொல்லிவிடலாம். நூற்றாண்டுகளாக ஊறிய களிம்பையும் அமிலத்தில் ஒரே இரவில் ஏற்றிய பச்சையையும் பழகியவர்கள் பிரித்தறிவார்கள். சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் ஆற்று மணலில் அரித்தெடுத்த எத்தனையோ காசுகள் உலைக்குத்தான் போயிருக்கும். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இல்லாமல் பாண்டியன் பெருவழுதி, சேரன் மாக்கோதை காசுகள் பற்றி இன்று நாம் இவ்வளவு பேசியிருக்க முடியாது. இத்தனையும் உண்மை.

ஆனால் கண் சொல்வது காசு எப்படிச் செய்யப்பட்டது என்பதை மட்டும்தான். அந்த அறிவும் ரகசியமானது அல்ல. சங்ககாலக் காசுகளின் சின்னங்கள், எடை, எழுத்தின் வடிவம் எல்லாம் படத்தோடு புத்தகங்களில் வந்துவிட்டன. போலி செய்பவனும் அவற்றைப் படிக்கிறான். ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பழைய முறைப்படி அச்சு வெட்டிக் காசு அடித்தார். புதுமை போவதற்காக அவற்றை இரும்புத்தூள் பெட்டியில் போட்டு வண்டியில் குலுங்கக் குலுங்க எடுத்துச் சென்றார். அப்படி அடித்த காசில் வார்ப்பின் கோட்டைத் தேடிப் பயனில்லை. எக்ஸ்-கதிர்க் கருவி காப்பாற்றும் என்பார்கள். தேய்ந்து உருத்தெரியாமல் போன பழங்காசுகள் எடைக்குக் கிடைக்கும்போது, அவற்றை உருக்கியோ அவற்றின் மேலேயே அடித்தோ செய்த போலியின் உலோகம் பழைய உலோகமாகவே இருக்கும். கருவி அதை அசல் என்றுதான் காட்டும்.

நாளைக்கே கரிகாலன் பெயர் பொறித்த ஒரு செப்புக்காசு ஒரு வியாபாரியின் கையிலிருந்து வெளிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் எழுத்தை எதோடு ஒப்பிடுவோம்? ஏற்கெனவே அச்சில் வந்த காசுகளோடுதான். அந்தப் பக்கங்களைப் பார்த்தே அது வெட்டப்பட்டிருந்தால் ஒப்பீடு பொருந்தத்தானே செய்யும்? பொருந்துகிறது என்பதையே நாம் அசலுக்குச் சான்றாக எடுத்துக்கொள்வோம்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ரோமானியச் செப்புக்காசுகள் தமிழகத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. கரூர் அமராவதி மணலில் கிடைத்தவை பலருக்கும் தெரியும். அவற்றோடு, ரோமானியக் காசைப் பார்த்துத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அந்தக் காலத்திலேயே செய்த நகல்களும் இருக்கின்றன. தலை கோணலாக இருக்கும். எழுத்துகள் பொருளற்ற கோடுகளாக இருக்கும். எடை ஒழுங்காக இராது. இன்றைய மோசமான போலிக்குச் சொல்லும் அடையாளங்களும் கிட்டத்தட்ட இவையேதான். தேர்ந்த கண் அப்படி ஒரு நகலைப் போலி என்று ஒதுக்கிவிடக்கூடும். அதே காசு பூம்புகாரில் ஒரு செங்கல் தளத்தின் அடியில், கலையாத மண்ணடுக்கில் கிடைத்திருந்தால், இந்தக் கரையில் கடல் வணிகத்துக்குச் சில்லறை போதாமல் உள்ளூரிலேயே அடித்தார்கள் என்பதற்கு அது அரிய ஆதாரம். காசு ஒன்றுதான். அதைக் குப்பையாகவோ வரலாறாகவோ ஆக்குவது அது கிடைத்த இடம். அந்த இடத்தை உபரித் தகவல் என்பவர்கள், கையில் இருக்கும் காசிலேயே பாதியைத் தூக்கி எறிகிறார்கள்.

தபால்தலை சேகரிப்பவர்களுக்கு இது புரியும். பிரெஞ்சுக் காலனித் தபால்தலைகளைப் போலி செய்து விற்ற ஜெனிவாவின் பிரான்சுவா ஃபூர்னியே தலைகளோடு நிற்கவில்லை. தபால் முத்திரைகளையும் போலி செய்தார். எங்கிருந்து அனுப்பப்பட்டது என்பது விலையை ஏற்றும் என்று அவருக்குத் தெரியும். பூம்புகாருக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும் காரைக்காலின் பெயர் தாங்கிய முத்திரை, தலை அசலாக இருந்தாலும் பொய்யாக இருக்கலாம். பூம்புகார் என்ற பெயரும் இன்று அப்படி ஒரு முத்திரையாகிவிட்டது. எந்த ஆற்றில் அரித்த புலிச் சின்னக் காசுக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் விலை கூடுகிறது. காசு அசலாகவே இருக்கும். முகவரி மட்டும் பொய். எந்தச் சான்றிதழும் இந்தப் பொய்யைப் பிடிப்பதில்லை. பல சான்றிதழ்கள் அதை அச்சிட்டே கொடுக்கின்றன.

இடத்தோடு கிடைத்த பொருள் எவ்வளவு பேசும் என்பதைப் பூம்புகாரே காட்டியிருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் இங்கே அகழாய்வு செய்தது. கீழையூரில் செங்கல் படகுத்துறை வெளிப்பட்டது. அங்கே ஊன்றியிருந்த மரத்தூணின் கரிமக் கணிப்பு கிமு 4ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தைத் தந்தது. அந்த மரத்துண்டு ஒரு வியாபாரியிடம் கிடைத்திருந்தால் வெறும் பழைய மரம். துறையில் ஊன்றி நின்றதால் ஒரு நகரத்தின் வயதைச் சொல்கிறது. அகழ்ந்தெடுத்த ஒரு சதுரக் காசுக்கும் சந்தையில் வாங்கிய ஆயிரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இடம் ஏன் தொலைகிறது? 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வரப்பு வெட்டும்போது பானை நிறையக் காசு கண்டவர் முதலில் அஞ்சுவது பறிமுதலுக்கும் விசாரணைக்கும்தான். அதனால் காசு இரவோடு இரவாக வேறு ஊருக்குப் போகிறது. வாங்குபவரும் கேட்பதில்லை, கேட்டால் சிக்கல். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் புதையல் கண்டவருக்குச் சந்தை மதிப்பில் பரிசு தருகிறது. 1997இல் தொடங்கிய திட்டத்தில், புதையல் ஆகாத சிறு காசைக்கூடப் பொதுமக்கள் இடத்தோடு பதிந்து, தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். காவிரிக் கரைக்கு வேண்டியது அப்படி ஒரு ஏற்பாடு. நம்மவர்கள் கேட்பதோ இன்னும் நல்ல உறை, இன்னும் பெரிய முத்திரை போட்ட சான்றிதழ்.

அகழாய்வுக் குழியிலும் காசைப் போட்டுவைக்கலாமே என்பார்கள். போடலாம். ஆனால் குழிக்கு வரைபடம் உண்டு, பக்கத்தில் பானை ஓடு உண்டு, நாட்குறிப்பு உண்டு. பொய் சொல்பவன் பல சாட்சிகளையும் சேர்த்து ஏமாற்ற வேண்டும். சந்தைக் காசுக்கு ஒரே சாட்சி, விற்பவன்.

ஆகவே, கிடைத்த இடம் பதிவாகாத எந்தக் காசையும் அரசர் வரிசைக்கோ வணிக வழிக்கோ ஆதாரமாகக் காட்டக் கூடாது என்பேன். அது எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு பெரிய நிபுணர் பார்த்திருந்தாலும் சரி. அருங்காட்சியகச் சீட்டில் ‘கிடைத்த இடம் தெரியாது’ என்று அச்சிடத் துணிவு வேண்டும். இதனால் சில அசல் காசுகள் வாயடைத்துப் போகும், சில கட்டுரைகள் எழுதப்படாமல் போகும். அந்த இழப்பை ஏற்கலாம். பொய் முகவரியின் மேல் எழுப்பிய சோழர் வரலாற்றை நாளை வேறொருவர் இடித்துத் தள்ளும்போது, அதோடு சேர்ந்து மெய்யானதும் நம்பிக்கை இழக்கும்.