தொட்டுப் பார்த்தால் சொல்லிவிடும்

சொந்தமாகப் பூட்டிய ட்ரோன் சூடேறித் தரையிறங்கினால் பலர் பதறுவார்கள். எனக்கோ அந்த நேரத்தில்தான் உற்சாகம் பிறக்கும். பழுது தேடுவதைப் போல இனிய வேலை இந்தப் பொழுதுபோக்கில் வேறு இல்லை!

களுவாஞ்சிக்குடியில் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பறக்கவிட்டுப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய நிலம். வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைப் பக்கமிருந்து அனலாய் வரும் அந்தக் காற்றை எதிர்த்து நிற்கவே மோட்டர்கள் படாத பாடு படும். குளிரவைக்க வேண்டிய காற்றே சுடுகிறது. ஒவ்வொரு மோட்டருக்கும் மின்னோட்டத்தை அளந்து கொடுப்பது ஈ.எஸ்.சி. அதிலுள்ள மொஸ்பெட் ஆளிகள் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடும். மின்னோட்டம் இரட்டித்தால் அவற்றின் தடையில் பிறக்கும் வெப்பம் நாலு மடங்கு. சூடு ஏற ஏறத் தடையும் கூடும், தடை கூட இன்னும் சூடேறும். கவனிக்காமல் விட்டால் கருகல் மணம்தான்.

ஆனால் அந்தச் சூடு எதையும் ஒளிக்காது. அரை நிமிடம் ஒரே இடத்தில் மிதக்கவிட்டு இறக்குங்கள். பற்றரியைக் கழற்றிவிட்டு, பரியாரியார் நாடி பார்ப்பது போல நாலு மோட்டரையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். பின்னால் உள்ள இரண்டும் சுட்டால் பாரம் பின்னுக்கு இருக்கிறது. பற்றரியைக் கொஞ்சம் முன்னே நகர்த்திக் கட்டினால் சரி. குறுக்காக எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டும் சுட்டால்? எனக்கு மெய்சிலிர்க்கும் இடம் இதுதான்! அவை இரண்டும் ஒரே திசையில் சுழல்பவை. எங்கோ ஒரு மோட்டர் இம்மியளவு சரிந்து நின்று ட்ரோனைத் திருப்பப் பார்க்கிறது. அதை அடக்க ஃபிளைட் கொன்ட்ரோலர் இந்தச் சோடியை மட்டும் ஓயாமல் விரட்டுகிறது. கண்ணுக்குப் படாத சரிவு விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. என்ன அருமையான வித்தை!

நாலும் சேர்ந்து சுட்டால் புரொப்பெல்லர் பெரிதாக இருக்கலாம். ஃபிளைட் கொன்ட்ரோலரின் 'டி' பெறுமானம் மிஞ்சி, மோட்டர் ஒவ்வொரு சிற்றதிர்வுக்கும் துடிக்கலாம். 14.8 வோல்ட் நாலு செல் பற்றரிக்கென்ற 2400 கே.வி. மோட்டருக்கு 22.2 வோல்ட் ஆறு செல் கொடுத்தாலும் இதே கதைதான்.

ஒன்றே ஒன்று சுட்டால் மாற்றிப் பூட்டிப் பார்க்க வேண்டும். விடுமுறைக்கு வந்த மருமகன், "மாமா, முன் வலதுதான் கொதிக்குது" என்றான். "கழட்டிப் பின் இடதில உள்ளதோட மாத்திப் பூட்டு மகன்" என்றேன். இரண்டு மோட்டரினதும் மும்மூன்று வயரையும் சோல்டர் பண்ணி மறுபடி பறக்கவிட்டான். இறங்கியதும் பின் இடது கொதித்தது! சூடு மோட்டரோடு போய்விட்டது, ஆகவே ஈ.எஸ்.சி. நல்லது. மோட்டரைக் கவிழ்த்தோம். சட்டகத்தோடு வந்த ஸ்குரூ நீளம் கூடி உள்ளே போய்ச் செப்புக் கம்பியின் பூச்சை உரசியிருந்தது. மினுங்கும் சுற்றுக்கு நடுவே ஒரேயொரு கறுத்த புள்ளி. அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சூடு அதே மூலையில் தங்கியிருந்தால்தான் ஈ.எஸ்.சி.யைச் சந்தேகிக்க வேண்டும். நம் கரையில் உப்புக்காற்றும் அதைக் கெடுக்கும். ஈ.எஸ்.சி. பலகையை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துலக்கி, காய்ந்ததும் சிலிக்கோன் பூச்சுப் பூசுங்கள். என்னைக் கேட்டால், நாலு ஈ.எஸ்.சி.யும் ஒரே பலகையில் அடங்கி நடுவே புழுங்குவதைவிட, ட்ரோனின் கைகளில் தனித்தனியாக இருந்து புரொப்பெல்லர் காற்றை வாங்கும் பழைய முறையே நம் வெக்கைக்கு மேல்.

சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் பதிவையும் அனுமதியையும் எடுத்துக்கொண்டு பறக்கவிடுங்கள். சூடேறினால், கொழும்பிலிருந்து புதுப் பலகை எடுப்பிக்க முதல், ஒரு தடவை மோட்டரை மூலை மாற்றிப் பூட்டிப் பாருங்கள்.