மூட்டையின் எடையா, விதையின் முளைப்பா?

தொப்புள்கொடி ரத்த வங்கி தரும் சான்றிதழில் முதலில் கண்ணில் படுவது உட்கருவுள்ள அணுக்களின் மொத்த எண்ணிக்கை. தரம் என்றால் அதுதான் என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். அந்த எண்ணை ஒதுக்கிவிட முடியாது. பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் 1988இல் எலியான் குளுக்மன், ஃபான்கோனி ரத்தசோகை கண்ட சிறுவனுக்கு அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றினார். இந்த சிகிச்சையின் தொடக்கம் அது. அணுக்கள் குறைந்தால் புது ரத்தம் ஊற நாளாகும், அதற்குள் தொற்று முந்திக்கொள்ளும் என்பது அதன்பின் கண்ட அனுபவம்.

நோயாளியின் எடையில் கிலோவுக்கு 2.5 கோடி அணுக்களாவது வேண்டும் என்பது பரவலான கணக்கு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உரிமம் பெற்ற ஒரு பையில் எதிர்பார்ப்பது குறைந்தது 50 கோடி. வகுத்தால் 20 கிலோ. பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்குச் சரியாக இருக்கும். 60 கிலோ ஆளுக்கு 150 கோடி வேண்டும்.

அதே நிர்வாகம் இன்னொரு எண்ணும் வைத்திருக்கிறது: உயிருள்ள சிடி34 அணுக்கள், அதாவது புது ரத்தம் ஊறச் செய்யும் மூல அணுக்கள், 12.5 லட்சம். 50 கோடியில் இது நானூறில் ஒன்று! மிச்சத்தில் பெரும்பகுதி முதிர்ந்த வெள்ளையணுக்கள்; போன இடத்தில் வேர் பிடிக்காதவை. மொத்த எண்ணிக்கையைத் தரம் என்பது, நெல் மூட்டையை எடைபோட்டுவிட்டு விதை நன்று என்பது போல.

முளைப்பைப் பார்க்கத்தான் காலனி சோதனை இருக்கிறது. பையோடு ஒட்டி உறைந்த சிறு குழாய்த் துண்டை வெட்டி, உருக்கி, கூழ் போன்ற ஊடகத்தில் இட்டு, 37 டிகிரியில் இரண்டு வாரம் வளர்ப்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்புத் திட்டுகளும் நிறமற்ற திட்டுகளுமாகப் பூத்திருக்கும். ஒவ்வொரு திட்டும் உயிரோடு தப்பிய ஓர் அணுவின் வம்சம். இதற்கும் குறையுண்டு. காத்திருக்க வேண்டும், எண்ணுகிற கண்ணுக்குக் கண் கணக்கு மாறும். ஆனாலும் மைனஸ் 196 டிகிரியில் கிடந்து, உருகி, அதன்பின் வேலை செய்கிறதா என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஆகவே என் தீர்ப்பில் முதலிடம் உருக்கியபின் எடுத்த காலனிக் கணக்குக்கும் உயிருள்ள சிடி34 கணக்குக்கும்தான். மொத்த எண்ணிக்கை அடுத்துதான்.

எண்ணிக்கை கூட வேண்டும் என்று பையை நிரப்புவதற்காகத் தொப்புள்கொடியை அவசரமாகக் கவ்வி போட்டு இறுக்குவதை என்னால் ஏற்கவே முடியாது. ஒரு நிமிடமாவது பொறுத்துக் கவ்வுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ரத்தம் பிறந்த குழந்தைக்குச் சேர வேண்டிய இரும்புச்சத்து.

தன் பிள்ளைக்கே பிற்காலத்தில் உதவும் என்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2017 வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. மூத்த பிள்ளைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தால் குணமாகும் நோய் இருந்தால் சேமிக்கலாம். அப்படிச் சேமிக்கிறவர்கள் பணம் கட்டுமுன் வங்கியிடம் கேட்க வேண்டும்: பையோடு ஒட்டிய துண்டு வைக்கிறீர்களா? அதை உருக்கி எண்ணிய கணக்கைக் காட்டுவீர்களா?