காசும் கேஷும்

சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தம் கவிதையின் கையெழுத்துப் பிரதியைக் காட்டினார். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நிற்கும் மகன்; உள்ளே தகப்பனின் உடல்; கம்பிக்குப் பின்னாலிருந்து 'கேஷ்' என்றொரு குரல். அந்தச் சொல்லை அடித்து 'காசு' என்று திருத்தினேன். 'நம்மிடமிருந்து போன சொல்தானே, நம்முடையதையே போடுங்கள்' என்றேன். நண்பர் மறுக்கவில்லை. கவிதை அப்படியே அச்சேறியது.

சமீபத்தில் ஒகேனக்கல் போயிருந்தேன். பரிசல் துறைக்கு மேலே மீன் வறுத்துக் கொடுத்த அம்மாள், நான் போனை எடுத்ததும் சொன்னார்: 'டவர் கிடைக்காது சார், காசக் கேஷா குடுத்துருங்க.'

ஒரே வாக்கியத்தில் இரண்டு சொற்கள். ஒன்று பணம்; மற்றது, கையில் தொட்டுக் கொடுக்கிற பணம். ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் வாக்கியமே இல்லை. அந்த அம்மாளுக்குத் தெரிந்த வித்தியாசம் விமர்சகனுக்குத் தெரியாமல் போயிற்று.

திரும்பி வந்து அகராதிகளைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'கேஷ்' இரண்டு உண்டு. ஒன்று நம் காசு. போர்த்துக்கீசியர் வாயில் 'கைஷா'வாகி ஆங்கிலத்துக்குப் போனது. சென்னைக் கும்பினிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். சீனத்தின் துளையிட்ட செப்புக்காசுக்கும் ஐரோப்பியர் இந்தப் பெயரையே வைத்தார்கள். அந்த நாணயங்களோடு அந்தச் சொல்லும் வழக்கொழிந்தது. இன்று உலகம் புழங்கும் 'கேஷ்' வேறு. லத்தீனின் 'கப்ஸா', பெட்டி. அது இத்தாலியில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கேஸ்'. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குப் பணப்பெட்டி என்றும் பொருள் இருந்தது. பிறகு பெட்டி மறைந்து உள்ளிருந்த பணம் மட்டும் மிஞ்சியது. உருவம், உள்ளடக்கம் என்று சண்டையிடும் நாம் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

ஒலி ஒற்றுமை ஒன்றையும் நிரூபிப்பதில்லை. ஒகேனக்கல்லின் பெயரே சாட்சி. கன்னட 'ஹொகெ'யும் நம் 'புகை'யும் காதுக்கு வேறு, வேரில் ஒன்று. பால் ஹாலு ஆனது போல, புலி ஹுலி ஆனது போல, அங்கே ஒரு விதி இருக்கிறது. காசுக்கும் இன்றைய கேஷுக்கும் இடையே விதி இல்லை, தற்செயல் மட்டுமே. அதன்மேல் நம் பெருமையைக் கட்டிவிட்டோம்.

பெருமைப்பட வேறு காரணங்கள் இருக்கின்றன. நம் காசு மணியாகவும் குற்றமாகவும் பொருள் தந்திருக்கிறது. வெண்பா முடியும் நான்கு வாய்பாடுகளில் ஒன்று அது. இத்தனையும் சுமக்கும் சொல்லை, உணர்ச்சியற்ற அந்தக் கவுண்டர் குரலில் கொண்டுபோய் வைத்தேன். நண்பரின் 'கேஷ்' அந்நியனின் சொல். அந்த அந்நியத்தன்மைதான் கவிதை. என் 'காசு' அதை வீட்டுச் சொல்லாக்கிவிட்டது. மகனுக்கும் கம்பிக்கும் நடுவில் இருந்த தூரம் போயிற்று.

சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் கவிதையில் ஒரு சொல்லைத் தீர்மானிப்பது அதன் பிறப்பல்ல, அது யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதே. அந்தக் கவிதை மறுபடி அச்சாகுமானால் 'கேஷ்' திரும்பி வரவேண்டும்.