தோரோவின் விறகு

தோரோவின் ‘வால்டன்’ 1854-ல் வெளிவந்த புத்தகம். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எளிய வாழ்க்கை, தனிமை என்று பெரிய வார்த்தைகளாகவே பேசுகிறார்கள். எனக்கென்னவோ அதில் பிடித்தது விறகைப் பற்றிய அத்தியாயந்தான். அதன் ஆங்கிலத் தலைப்புக்குக் கிரகப்பிரவேசம் என்றும் பொருள். வீட்டைச் சூடாக்குவது என்றும் பொருள்.

நமக்கு விறகு என்றால் சமையல், புகை, கண்ணெரிச்சல். மார்கழி விடியலில் சருகைக் கூட்டிக் கொளுத்திக் குளிர்காய்வதோடு சரி. தோரோ 1845 முதல் 1847 வரை குடியிருந்த வால்டன் ஏரியோ, குளிர்காலத்தில் மேலே நடந்து போகும்படி உறைந்துவிடும். அங்கே விறகு இல்லாமல் தீராது. ஆனாலும் இந்த அத்தியாயத்தில் கவலை தென்படவில்லை. படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது.

அந்தச் சந்தோஷம் சூட்டினால் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய அவரைத் தோட்டத்தை உழ வந்தவன், அங்கே தோண்டிய அடிக்கட்டைகள் பிளக்கும்போது ஒரு தரமும் எரிக்கும்போது ஒரு தரமும் சூடு தரும் என்று சொன்னானாம். தோரோ அதிகமாக ருசித்தது முதல் சூட்டைத்தான். ரயில் பாதை போட்ட காலத்தில் ஐரிஷ்காரர்கள் கட்டிய பைன் மரத் தெப்பம் ஒன்று ஏரியில் கிடந்தது. அதைப் பிரித்து, பதினைந்தடிக் கட்டையின் ஒரு முனையைத் தோளில் தாங்கி, மறு முனை பனிக்கட்டியின்மேல் இழுபட, தாமும் சறுக்கிக்கொண்டே ஏறக்குறைய அரை மைல் ஏரியின் குறுக்கே கொண்டுபோகிறார். ஊறிய கட்டை எரியுமா என்று நாம் கேட்போம். நீரில் ஊறியதனாலேயே பிசின் அடைபட்டு, விளக்குப்போல அதிக நேரம் எரிந்தது என்கிறார். தத்துவம் எழுத நூறு பேர் உண்டு. இந்த விவரம் எழுதக் கட்டையைச் சுமந்திருக்க வேண்டும்.

அடுத்த குளிர்காலத்தில் காடு தமக்குச் சொந்தமில்லை என்று சிக்கனம் பார்த்து, கணப்பை விட்டுச் சின்ன இரும்பு அடுப்புக்கு மாறுகிறார். தீயின் முகம் மறைந்தது. கூட இருந்த ஒரு துணையே போய்விட்டதுபோல வருந்துகிறார். அந்த இடத்தில் வேறொருவர் கவிதையைக் கடன் வாங்கி அத்தியாயத்தை முடித்திருக்க வேண்டாம். அவருடைய உரைநடையே போதும்.

இதே அத்தியாயத்தில், நடுவே அரை வாக்கியம் ஒன்று வருகிறது. காட்டில் ஒரு பகுதி எரிந்தால், தற்செயலாக நானே எரித்திருந்தாலும், உடையவர்களைவிட அதிகமாகத் துக்கப்பட்டேன் என்கிறார். வாசகர் தாண்டிப் போய்விடுவார். ஆனால் அது பேச்சுக்குச் சொன்னதல்ல. வால்டனுக்குக் குடிபோகும் முன் வருஷம், 1844 ஏப்ரல் 30 அன்று, அவரும் ஒரு சிநேகிதரும் மீன் சமைக்க ஓர் அடிக்கட்டையில் தீ மூட்டினார்கள். அது காய்ந்த புல்லில் பற்றி, நூறு ஏக்கருக்குமேல் காடு எரிந்தது.

1850-ல் நாட்குறிப்பில் இதை விஸ்தாரமாக எழுதினார். அங்கே துக்கத்தைக் காணோம். முதலில் வெட்கப்பட்டேன், பிறகு மின்னல் விழுந்து எரிந்ததுபோல என்று தீர்த்துக்கொண்டேன் என்கிறார். பாறைமேல் நின்று தீயின் அழகை ரசித்ததையும் மறைக்கவில்லை. புத்தகத்தில் ஆறாத துக்கம், நாட்குறிப்பில் அலட்சியம். எது நிஜம்?

கதை எழுதிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆறு வருஷம் கழித்து ஒருவன் தன் கட்சியை இவ்வளவு விஸ்தாரமாக வாதாடினால், கணக்கு இன்னும் தீரவில்லை என்றே அர்த்தம். அந்த அலட்சியத்தை நான் நம்பவில்லை. விறகு அத்தியாயத்தைத் திரும்பப் படித்தால் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. இற்றுப்போன வேலி, புதைந்து கிடந்த வேர், கைவிட்ட தெப்பம் — அவர் கொண்டாடும் விறகில் பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத மரம். பச்சை மரம் நன்றாக எரியும், ஆனால் அதைக் கொஞ்சமாகத்தான் உபயோகித்தேன் என்று அவரே சொல்கிறார்.

அந்த அரை வாக்கியத்தை அச்சுக்குப் போகுமுன் அடித்திருக்கலாம். கான்கார்டு ஊருக்கு வெளியே எத்தனை பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும்? அவர் அடிக்கவில்லை.