தொட்டிக்குள் ஒரு வெடிகுண்டு
(ஹிட்ச்காக்கின் ‘ஐ கன்ஃபஸ்’ திரைப்படம் குறித்து)

கொலைசெய்தவன் யார் என்பதைக் கடைசிவரை ஒளித்துவைப்பதே மர்மப்படத்தின் இலக்கணம் என்று நம்மில் பலர் எண்ணிவிட்டோம். தமிழில் பாடல்களே இல்லாமல் 1954இல் வெளிவந்த எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ அவ்வகையில் இன்றும் தலைநிமிர்ந்து நிற்பது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் வழி வேறு. மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பதை அறியாதவனுக்கு அது வெடிக்கையில் ஒரு நொடி அதிர்ச்சி. முன்பே அறிந்தவனுக்கோ நெடுநேரத் தவிப்பு. அவர் பலமுறை விளக்கிய வேறுபாடு இது. 1953இல் வந்த ‘ஐ கன்ஃபஸ்’ படத்தில் அந்த வெடிகுண்டு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இருக்கிறது.

களம் கனடாவின் கியூபெக் நகரம். ஆலயப் பணியாளன் ஓட்டோ கெல்லர், வில்லெட் என்ற வழக்கறிஞரைக் கொன்றுவிட்டு, குருக்களின் நீள்அங்கியில் தப்பி வருகிறான். அன்றிரவே அருள்தந்தை மைக்கேல் லோகனிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். அங்கியணிந்தவரைக் கண்டதாகச் சாட்சிகள் கூறுகின்றனர். மாண்டவனோ லோகனின் பழைய தோழி ரூத்தை மிரட்டிவந்தவன். காவல்துறைக்கு வேறென்ன வேண்டும்?

கத்தோலிக்கரல்லாதார் குருவின் மௌனத்தை நம்பமாட்டார்கள். ஆகவே இப்படத்தை எடுத்திருக்கக்கூடாது என்று பின்னாளில் ஹிட்ச்காக்கே பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவிடம் கூறினார். இலண்டனில் இயேசு சபையாரின் பள்ளியில் பயின்றவர் அவர். எனினும் இதில் எனக்கு உடன்பாடில்லை. பார்ப்பவர் அச்சட்டத்தை ஏற்கவேண்டியதில்லை. அதற்கு ஒரு மனிதர் கொடுக்கும் விலையைக் கண்டால் போதும். திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் எண் சொல்லாலோ வேறெவ்விதத்திலோ வெளிப்படுத்துவதைத் தடுக்கிறது. 984ஆம் எண், பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை அவருக்குத் தீங்காகப் பயன்படுத்துவதையே தடுக்கிறது. ஆகவே லோகன் கெல்லரை வேலையைவிட்டு நீக்கவும் இயலாது. முகம் சுளிக்கவும் இயலாது. அதே கூரையின்கீழ் அவனோடு வாழவேண்டும். மாண்ட்கமரி கிளிஃப்ட் இதை முழுக்கக் கண்களாலேயே நடித்திருக்கிறார்.

கெல்லருக்கு மெய்யான மனத்துயர் இருந்ததா? இல்லையென்றாலும், பாவமன்னிப்பு மறுக்கப்பட்டிருந்தாலும், இரகசிய முத்திரை கட்டுப்படுத்தும் என்பதே அறநெறி இறையியலின் விடை. இயக்குநர் அக்காட்சியைப் பாதியிலேயே துண்டித்துவிடுகிறார். லோகன் மன்னிப்பு வழங்கினாரா என்பது நமக்குத் தெரியாது. தெரியவும் கூடாது! இந்த நாகரிகத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. ரூத் தன் பழங்காதலை நினைவுகூரும் நீண்ட பகுதியில் மாவரைக்கும் மந்தம். படம் தன்னை மறந்து வேறொரு படமாகிவிடுகிறது. மாறாக, லோகன் தனியே தெருக்களில் அலையும் காட்சியைப் பாருங்கள். முன்னே உயரத்தில் சிலுவை சுமக்கும் கிறிஸ்துவின் சிலை. வெகு கீழே எறும்பளவாய் நடந்துபோகும் குரு. உரையாடல் ஏதுமில்லை. தவக்கால மறையுரைகள் பலவற்றைவிட அது அதிகம் பேசுகிறது (என்னுடையவையும் இதில் அடங்கும்).

முடிவைப் பற்றித்தான் வழக்கு. போதிய சான்றில்லை என்று நீதிமன்றம் விடுவிக்க, வெளியே கூட்டம் லோகனை ஏசுகிறது. பொறுக்கமாட்டாமல் உண்மை சொல்ல ஓடிவரும் கெல்லரின் மனைவி ஆல்மாவை அவனே சுடுகிறான். அவள் அதைக் கணவனிடமிருந்து அறிந்தவள். முத்திரை அவளைக் கட்டுப்படுத்தாது. சட்டப்படி குற்றமில்லை, நாடகப்படி சற்றே வசதியான வழி. ஆனால் அடுத்து நிகழ்வது ஹிட்ச்காக்கின் மேதைமை. விடுதிக்குள் ஒளிந்த கெல்லர், லோகன் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றெண்ணி, ஆய்வாளர் காதுபடத் தானே அனைத்தையும் கக்கிவிடுகிறான். அந்த முத்திரையால் காக்கப்பட்டவன் ஒருவனே. அதை இறுதிவரை நம்பாதவனும் அவன்தான். குண்டடிபட்டுச் சாய்ந்தவன் கடைசியில் மன்னிப்புக் கேட்பதும், காட்டிக்கொடுக்காத அதே குருவிடம்தான்.