எடையைப் பார்த்து ட்ரைபாட் வாங்கலாமா?

கோடியக்கரை உப்பளங்களுக்கு அருகே ஒரு ஜனவரிக் காலையில், பூநாரைக் கூட்டத்தை 600 மி.மீ. லென்ஸில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்தது புதிதாக வாங்கிய கார்பன் ஃபைபர் ட்ரைபாட். 12 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. என் கேமராவும் லென்ஸும் சேர்ந்தே ஐந்து கிலோவைத் தாண்டாது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தால், பாதிப் படங்களுக்கு மேல் கூர்மை இல்லை. ட்ரைபாட் ஒடியவில்லை, சாயவுமில்லை. கடற்காற்றில் நடுங்கியிருக்கிறது.

அந்த 12 கிலோ உண்மையில் எதைச் சொல்கிறது என்று அதன் பிறகுதான் யோசித்தேன். அவ்வளவு பாரம் ஏற்றினாலும் லாக் நழுவாது, கால் மடங்காது, அவ்வளவே. அதையும் ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கில் சொல்கிறது. படத்துக்கு வேண்டியதோ அசையாமை. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் காணும் அகலம் மூன்றரை டிகிரிகூட இல்லை. அதை 6,000 பிக்சல்களுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளக் கோலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நகர்த்தினால், படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். தலைமுடியின் தடிமன்கூட அதைவிடப் பல மடங்கு பெரிது.

கார்பன் ஃபைபரின் மதிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிரான்சில் தொடங்கிய கிட்சோ நிறுவனம் 1994-இல் கார்பன் ட்ரைபாடைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று மலிவு விலைக் கடைகளிலும் அது கிடைக்கிறது. கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த குழாயின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.6 கிராம், அலுமினியத்துக்கு 2.7. இழை ஓடும் திசையில் விறைப்போ அலுமினியத்தைப் போல ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் மூங்கிலைப் போலத்தான் இதுவும்: நெடுக்கில் வலிமை, குறுக்கில் பலவீனம். அதனால் சில அடுக்குகளை நெடுக்காகவும் சிலவற்றைச் சாய்வாகவும் சுற்றுகிறார்கள். சாய்வு அடுக்குகள்தான் கால் முறுக்கிக்கொள்ளாமல் காப்பவை. ‘8 அடுக்கு’, ‘10 அடுக்கு’ என்று விளம்பரம் எண்ணிக்கையைச் சொல்கிறது, திசையைச் சொல்வதில்லை. வெளியே தெரியும் பின்னல் அழகு தரத்துக்கு அத்தாட்சி அல்ல.

கார்பனின் மேல் எனக்குக் குறையில்லை. அது தரும் ஆதாயம் முழுவதையும் எடைக் குறைப்பிலேயே செலவழித்துவிடும் வழக்கத்தைத்தான் குறை சொல்கிறேன். தயாரிப்பவர்கள் குழாயை ஒல்லியாக்குகிறார்கள், ஐந்து துண்டுகளாக மடக்குகிறார்கள், ஒரு கிலோவுக்குள் அடக்குகிறார்கள். நாமும் தராசைப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம். குழாயின் சுவர்த் தடிமன் மாறாதிருந்தால், வளையாமல் நிற்கும் திறன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 25 மி.மீ. காலைவிட 32 மி.மீ. கால் இருமடங்கு விறைப்பானது. அந்த 32 மி.மீ. காலிலும் நான்காவது துண்டு 22 மி.மீ.க்கு இறங்கிவிட்டால், அதன் விறைப்பு மேல் துண்டில் மூன்றில் ஒரு பங்குதான். ஒல்லியான ஐந்து துண்டுக் கார்பன் ட்ரைபாடைவிட, தடித்த மூன்று துண்டு அலுமினிய ட்ரைபாட் உறுதியாக நிற்பதில் வியப்பில்லை.

மலையேறுகிறவருக்கு எடைதான் முதல் கவலை என்பதை மறுக்க முடியாது. வீட்டில் விட்டுவந்த கனத்த ட்ரைபாடால் ஒரு படமும் எடுக்க முடியாது. அகல லென்ஸில் நிலக்காட்சி எடுப்பவருக்கு ஒல்லிக் கால் போதும். ஆனால் ஒரே அளவில் கார்பனால் மிச்சமாகும் எடை பலர் நினைப்பதைவிடக் குறைவு. மான்ஃப்ரோட்டோவின் 055 மூன்று துண்டு மாதிரியில் அலுமினியம் 2.5 கிலோ, கார்பன் 2 கிலோ. தோள்மூட்டும் லாக்கும் இரண்டிலும் உலோகம்தானே. அந்த அரை கிலோவுக்குக் கணிசமான கூடுதல் விலை கொடுக்க வேண்டும். நாள் முழுக்க நடப்பவருக்கு அது தகும். ஸ்டுடியோவில் ஓரிடத்தில் நிறுத்தி எடுப்பவருக்குத் தகாது. அந்தப் பணத்தை நல்ல பால் ஹெட்டில் போடலாம்.

நடுத்தண்டைப் பற்றி எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதை உயர்த்திய கணமே மூன்று கால் ஒரு காலாகிவிடுகிறது. அன்று கோடியக்கரையில் நான் செய்த தவறும் அதுவே. நடுத்தண்டை ஏற்றாமலே கேமரா கண்ணளவுக்கு வரும் ட்ரைபாடைத் தேடுங்கள்.

கார்பனுக்கே உரிய குறைகளும் உண்டு. அலுமினியக் கால் அடிபட்டால் நெளியும், நெளிந்தது கண்ணுக்குத் தெரியும். கார்பன் உள்ளே விரிசல் விட்டு வெளியே பளபளப்பாகவே இருக்கக்கூடும். கார்பன் துருப்பிடிக்காது; ஆனால் உப்புநீர் பட்டால், அதைத் தொட்டிருக்கும் அலுமினிய வளையத்தை அரிக்கும் வேலையை அதுவே விரைவுபடுத்துகிறது. கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காலை நீட்டி உலர்த்த வேண்டும். ட்விஸ்ட் லாக்கில் மணல் புகுந்தால் கழற்றித் துடைக்க வேண்டும். உதிரிக் கால் தனியாகக் கிடைக்காத ட்ரைபாட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கத் தகுந்ததல்ல.

கடைக்குப் போகும்போது உங்களிடம் உள்ள மிக நீளமான லென்ஸை எடுத்துச் செல்லுங்கள். காலை முழுவதும் நீட்டி, கேமராவை ஏற்றி, லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி, ஒரு காலை விரலால் தட்டுங்கள். திரையில் நடுக்கம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். எடை, விலை இரண்டையும் அதற்குப் பிறகு கேளுங்கள்.